வெள்ளைப் புள்ளி

கர்ர்ர்ர். நின்றது. மறுபடியும் கர்ர்ர்ர். தகரத்தை யாரோ பல்லால் கடித்து இழுப்பது மாதிரி ஒரு சத்தம், சமையல்கட்டுப் பக்கமிருந்து. கார்த்தீஸ்வரி தொட்டில் கயிற்றைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். மணி ஏழேகால்தான் ஆகிறது, ஆனால் ஐப்பசி மழைக்கு ஆறு மணிக்கே கருக்கிவிட்டது, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, வீட்டில் அவளும் ஆறு நாள் பிள்ளையும்தான். அம்மா காய்ச்சலோடு இருந்தால் பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று முந்தாநாளே கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். பாண்டிக்குமார் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரமாகிறது. போகும்போது, "தாப்பாப் போடாத. வந்து தட்டிக்கிட்டு நிக்க முடியாது. ரிசல்ட் ஏறுமாறா இருந்தா வந்த காலோட பிள்ளையத் தூக்கிட்டு ஓடணும்" என்று சொல்லி, ஆஸ்பத்திரிப் பையை நிலைப்படிக்குக் குறுக்கே வைத்துவிட்டுப் போனான். அதனால் கதவு ஒருக்களித்து நிற்கிறது. அதனால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்திருக்கலாம். கர்ர்ர்ர். திருடன் என்றால் சத்தம் காட்டாமல் அல்லவா வருவான். எலி இப்படி ஒரே அளவாக, எண்ணி எண்ணி விட்டுவிட்டுக் கடிக்காது. கான்வென்ட்டில் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது சிஸ்டர் ஆல்பர்ட்டா ஒரு சாத்தானைப் பற்றிச் சொல்வார்கள், பொய் சொன்ன பிள்ளைகளின் வீட்டுக்கு இருட்டின பிறகு சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும், ஒரு பொய்க்கு ஒரு கண்ணி என்று அந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போகும். இருபத்தேழு வயதில், ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு, அந்தச் சங்கிலியா ஞாபகத்துக்கு வர வேண்டும். அவள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடந்தாள், பாதி வழியில்தான் அது கிலுகிலுப்பை என்று தெரிந்தது, அதுவும் அடிக்கு ஒருதரம் கிலுங்கியது. சமையல்கட்டு விளக்கைப் போட்டாள். அரிசி டிரம்மின் மூடிமேல் பாண்டிக்குமாரின் போன், வண்டு மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கை போய்ச் சேருவதற்குள் நின்றுவிட்டது.

பாவி மனுஷன், போனை வைத்துவிட்டுப் போய்விட்டான். திரையில் லேப் என்று இருந்தது, மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். லேப் என்ற பேர் மட்டும்தான், நம்பர் இல்லை, உள்ளே போனால்தான் நம்பர், உள்ளே போக ஒன்பது புள்ளிகளை ஏதோ ஒரு கோலமாக இழுக்க வேண்டும், அந்தக் கோலம் அவளுக்குத் தெரியாது, கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. ப வடிவில் இழுத்துப் பார்த்தாள், இல்லை. அவள் பெயரின் முதல் எழுத்தாக இருக்குமோ என்று க போல இழுத்தாள், இல்லை, முப்பது நொடி கழித்து முயற்சிக்கவும் என்றது. லேப் எதற்கு மூன்று தடவை கூப்பிட வேண்டும். ரிசல்ட் நன்றாக இருந்தால் எட்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள், கூப்பிடுகிறார்கள் என்றால் அவசரம், மூன்று தடவை என்றால் மூன்று மடங்கு அவசரம். டாக்டரம்மா நாலு மணிக்குப் பிள்ளையின் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, "ரத்தத்துல மஞ்சள், அதான் பிலிருபின், பதினெட்டைத் தாண்டினா அட்மிட் பண்ணி லைட்ல வைக்கணும். தாண்டலேன்னா பயமில்ல. இங்கே பூராவும் காய்ச்சல் பிள்ளைங்க, நீங்க வீட்டுக்குக் கொண்டு போயிருங்க, அப்பா மட்டும் வந்து ரிப்போர்ட் வாங்கட்டும்" என்றார்கள். பதினெட்டு. அவள் போனை எடுத்துக்கொண்டு பிள்ளையிருக்கும் அறைக்கு வந்து, மானிட்டர் மேஜைமேல் வைத்துவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்தாள். மறுபடி கூப்பிடு. தாயே, கூப்பிடு. எடுப்பதற்குக் கோலம் வேண்டாம், கூப்பிட்டால் எடுத்துவிடலாம்.

இந்த அறைச் சுவர் சாம்பல் நிறம். வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, கிளிப்பச்சை இருக்கு, ரோஸ் இருக்கு, குடியிருக்கிற வீட்டுக்கு எவனாவது சுடுகாட்டுச் சாம்பலை அடிப்பானா?" என்று சண்டைக்கு வந்தார். சார், சுவரில் நிறம் இருந்தால் அது கண்ணில் ஏறிவிடும், கண்ணில் ஏறினால் திரையில் இருப்பது சரியாகத் தெரியாது, நான் கலர் கரெக்‌ஷன் பார்க்கிறவள், காலண்டர்ப் படத்தில் முருகன் முகம் பச்சையடித்தால் முதலாளி என்னைத்தான் கேட்பார் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, காலி பண்ணும்போது வெள்ளையடித்துத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். மாசமாக இருந்தபோது அச்சாபீஸ் முதலாளி இந்தப் பெரிய மானிட்டரை, வெளி வெளிச்சம் திரையில் விழாமல் அதன் தலையில் மாட்டும் கறுப்பு முக்காட்டோடு, வீட்டுக்கே அனுப்பிவைத்தார். இந்த அறை விளக்கும் சாதாரண விளக்கு இல்லை, மத்தியான வெளிச்சத்துக்குச் சமமானது என்று அளந்து வாங்கியது. சிவகாசி முழுக்கத் தேடினாலும் ஒரு நிறத்தை உள்ளபடி பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த இடத்தில் தொட்டில் கட்டி, ஆறு நாளாக இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருப்பதுதான் தப்பு. பார்க்கப் பார்க்கக் கண் சமாதானமாகிவிடும், எதைக் காட்டினாலும் பத்து நிமிஷத்தில் இதுதான் இயல்பு என்று ஒத்துக்கொண்டுவிடும், வேலை பழக வந்த முதல் நாளே அவளுக்குச் சொன்னது அதைத்தான். அதனால் சுவரை ஒரு நிமிஷம் பார், பிறகு பிள்ளையைப் பார். சுவர். பிள்ளை. மூக்கு நுனியில் மஞ்சள். சுவர். பிள்ளை. இல்லை, விளக்கின் நிழல். நெற்றியில் விரலை வைத்து லேசாக அழுத்தி எடு, நர்ஸ் அப்படித்தான் செய்தாள், விரல் எடுத்த இடத்தில் வெளுப்பு வர வேண்டும். வருகிறது. வெளுப்பு வருகிறதா, மஞ்சள் வருகிறதா. விரல் நகத்திலேயே மஞ்சளாக ஏதோ இருக்கிறதே, காலையில் நறுக்கின மஞ்சளா, இல்லை, இன்றைக்குச் சமைக்கவே இல்லை.

போன் சும்மா கிடந்தது. அதன் கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, அதைத் திருப்பிப்போட்டாள், திருப்பிப்போட்டால் வெளிச்சம் வந்தால் தெரியாதே என்று மறுபடி நிமிர்த்தினாள். ஆஸ்பத்திரி நர்ஸ் சுமித்ராவைக் கூப்பிடலாம். சுமித்ரா நம்பர் அவள் போனிலேயே இருக்கிறது. கூப்பிட்டு, லேபில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் சிஸ்டர் என்றால் அரை நிமிஷத்தில் கேட்டுச் சொல்லிவிடுவாள், தங்கமான பெண். ஆனால் சுமித்ராவைத் திறந்தால் அந்தப் போட்டோ வந்து நிற்கும். நாலாம் நாள் காலையில் சுமித்ராதான் கேட்டாள், பாப்பா எப்படி இருக்கு, மஞ்சளா எதுவும் தெரியுதா, நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா. அவளும் எடுத்தாள். எடுத்ததை எடுத்தபடி அனுப்பியிருந்தால் இன்றைக்கு அவளைக் கூப்பிட இவ்வளவு தயங்க வேண்டியதில்லை. எட்டு வருஷப் பழக்கம், ஒரு படம் வந்தால் நேராக மானிட்டரில் திறந்துதான் ஆக வேண்டும் அவளுக்கு. திறந்தாள். பிள்ளை முகம் மஞ்சளடித்தது. மஞ்சளடித்தால் என்ன செய்வோம், படத்துக்குள் வெள்ளையாக இருக்கிற ஒரு பொருளைத் தேடுவோம், அதன்மேல் திரையிலிருக்கும் சொட்டுக்குழல் குறியை வைத்து ஒரு சொடுக்கு, இதுதான் வெள்ளை, இதை வைத்து மற்றதையெல்லாம் நிமிர்த்திக்கொள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வோம். அதற்குப் பேர் வெள்ளைப் புள்ளி. எங்கே வைத்தாள். பிள்ளையைச் சுற்றியிருந்த துணியில் வைத்தாள். அது என்ன துணி. பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி கூடாது, பழைய வேட்டிதான் பூப்போல இருக்கும் என்று அம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் கிழித்துக் கொண்டுவந்த அப்பாவின் இருபது வருஷத்து எட்டுமுழ வேட்டி. பழுத்த வேட்டி. வைக்கோல் மாதிரி பழுத்திருந்தது. அந்தப் பழுப்பை வெள்ளை என்று சொன்னாள். கம்ப்யூட்டர் நம்பியது, அதற்கு என்ன தெரியும், வேட்டியிலிருந்த மஞ்சளை உருவியதோடு பிள்ளையிலிருந்த மஞ்சளையும் சேர்த்து உருவிவிட்டது. ரோஜாப்பூவாட்டம் ஒரு பிள்ளை திரையில் படுத்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கே பூரித்துப்போனது. அனுப்பினாள். சுமித்ரா கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, சூப்பர் கலர் பாப்பா, பயப்படாதீங்கக்கா என்று எழுதியிருந்தாள். இரண்டு நாள் போச்சு. இன்றைக்கு மத்தியானம் மழை விட்டு ஜன்னல் வெளிச்சம் விழுந்தபோது பாண்டிக்குமார்தான் சொன்னான், "ஏ ஈஸ்வரி, கண்ணு வெள்ளையில மஞ்சத் தட்டுதே." அவனுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

தெரியவில்லையா. அங்கேதான் நெஞ்சு முள்ளில் மாட்டின துணியாக நின்று நின்று இழுத்தது. வேட்டி பழுத்தது என்று அவளுக்குத் தெரியாதா. வேறு எவளாவது செய்திருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பாளே, ஏய், துணியில போய் வைக்கிறியே, அது வெள்ளையா என்று திட்டியிருப்பாளே. தெரிந்தும் வைத்தாள் என்றால் எதற்கு வைத்தாள். திங்கட்கிழமைப் பிரார்த்தனையில் சிஸ்டர் ஆல்பர்ட்டா வரிசை வரிசையாகச் சட்டையைப் பார்த்துக்கொண்டே வருவார்கள், மஞ்சளடித்த வெள்ளைச் சட்டைக்காரி வெளியே நிற்க வேண்டும். அவளிடம் இருந்தது அக்காவின் பழைய சட்டை, எவ்வளவு துவைத்தாலும் கழுத்தோரம் பழுப்பு போகாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாளித் தண்ணீரில் சொட்டு நீலம், நாலு சொட்டு போடுகிற இடத்தில் பத்துச் சொட்டு. மஞ்சள் போகாது, நீலத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், பார்க்கிற கண்ணுக்கு வெள்ளை. சிஸ்டர் சிரித்துக்கொண்டே கடந்துபோவார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான். சுமித்ராவின் கட்டைவிரலுக்காகத்தான். பயத்தில், என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்கிற ஆசையில், பத்துச் சொட்டு நீலம் விட்டிருக்கிறாள். மாதாவே, என் பாவமே என் பாவமே என்று கை தானாக நெஞ்சில் தட்டியது, பூஜையறையில் மாரியம்மன் படம் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்றும் தோன்றியது, இரண்டு பேரும் மன்னிக்கட்டும். அவள் தன் போனை எடுத்தாள். வெட்கம் கிடக்கட்டும், சுமித்ராவிடம் சொல்லிவிட வேண்டியதுதான், அந்தப் போட்டோ நிஜமில்லை, நான் மாற்றினேன், இப்போது ரிசல்ட் என்னவென்று கேளுங்கள். திறந்தாள். ரோஜாப்பூப் பிள்ளை வந்து நின்றது. அதன் கீழேயே அழுத்திக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அது அடங்கி அரை நிமிஷம் ஆகியிருக்காது, பாண்டிக்குமாரின் போன் மரமேஜை மேல் உறுமியது. இப்போது அது கர்ர்ர்ர் என்று கேட்கவில்லை, வெறும் உர்ர்ர்ர்.

"ஹலோ, பாண்டிக்குமார் சாரா?" ஒரு சின்னப் பெண்ணின் குரல், பின்னால் ஏதோ பிள்ளை அலறிக்கொண்டிருந்தது. "அவர் வீட்ல பேசறேன்." "எத்தன தடவம்மா கூப்பிடறது? பேபி ஆஃப் கார்த்தீஸ்வரி தானே?" "ஆமா. நான்தான். கார்த்தீஸ்வரி." "பிலிருபின் பன்னெண்டு புள்ளி நாலு." அவள் போனைக் காதோடு இன்னும் இறுக்கினாள். "ஹலோ? லைன்ல இருக்கீங்களா? பன்னெண்டு புள்ளி நாலும்மா. டாக்டர் பாத்துட்டாங்க. அட்மிஷன் வேண்டாமாம். நல்லாப் பால் குடுக்கச் சொன்னாங்க, நாளை கழிச்சு கொண்டுவந்து மறுபடி ஒருக்கா காட்டணுமாம். டாக்டர் கிளம்பிட்டாங்க, அதான் சொல்லிரலாம்னு கூப்பிட்டேன்." "அவரு அங்கதான் வந்திருக்காரு, போனை வச்சிட்டுப் போயிட்டாரு." "யாரு, கத்திரிப்பூக் கலர் சட்டையா? ஐய, ஒரு மணி நேரமா கதவுக்கு எதுத்தாப்ல நிக்கிறாரு, பேரு என்னன்னு கேட்டா எட்டு மணிக்கு வரச் சொன்னாங்கன்னு சொல்றாரு, பேரைச் சொல்ல மாட்டேங்கறாரு. நான் எட்டு மணிக்கு வேற எதோ டெஸ்டு போலன்னு விட்டுட்டேன்." "அவர்தான். அவர்ட்ட குடுத்திருங்க. தங்கச்சி, ஒரு நிமிஷம், இன்னொரு தரம் சொல்லுங்க." "பன்னெண்டு. புள்ளி. நாலு. எழுதிக்கிட்டீங்களா?" எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

பன்னிரண்டு புள்ளி நாலு. பதினெட்டில் பன்னிரண்டைக் கழித்தால் ஆறு, புள்ளி நாலையும் கழித்தால் ஐந்து புள்ளி ஆறு, ஐந்து புள்ளி ஆறு அவளுக்கும் பயத்துக்கும் நடுவில். எவ்வளவு பெரிய இடம் அது, காலை நீட்டி உட்காரலாம். சிரிப்பு வந்தது, சிரிப்போடு மூக்கில் நீர் வந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மாதம் ஒரு தடவை இந்த மானிட்டர் முகத்தில் ஒரு கருவியைப் பல்லி மாதிரி ஒட்டவைப்பாள், திரை அதற்குச் சிவப்பு காட்டும், பச்சை காட்டும், நீலம் காட்டும், சாம்பல் காட்டும், கருவி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் இந்தத் திரை உள்ளதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று ஒரே ஒரு எண் சொல்லும். இரண்டுக்குக் கீழே என்றால் தேறியது. விலகாத திரை ஒன்றுகூடக் கிடையாது, ஐம்பதாயிரம் போட்டு வாங்கினாலும் விலகும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்த எண்ணைப் பார்த்தவுடன் தோளிலிருந்து இறங்குமே ஒரு பாரம், அதைப்போல ஆயிரம் மடங்கு இன்றைக்கு இறங்கியது, அவ்வளவு சின்னக் குதிகாலில் குத்தின அவ்வளவு சின்னச் சொட்டு, அது சொல்லிவிட்டது. பிள்ளை மஞ்சள்தான். மஞ்சளாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிப் பார்ப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி, கொஞ்சம் மஞ்சளான பிள்ளை, நாளை கழித்து மறுபடி பார்க்க வேண்டிய பிள்ளை, பால் குடித்து, ஈரம் பண்ணி, மெள்ள மெள்ள வெளுக்கப்போகிற பிள்ளை. அவள் முதல்தடவையாகச் சுவரைப் பார்க்காமல் பிள்ளையை மட்டும் பார்த்தாள். மூக்கு நுனியில் மஞ்சள். இருக்கட்டும். அம்மா மாதிரி புருவம். இதை இதுவரை பார்க்கவே இல்லையே, ஆறு நாளாக நிறத்தைத்தான் பார்த்திருக்கிறாள், புருவத்தைப் பார்க்கவே இல்லை, காது மடலில் பொடி மயிர் இருக்கிறது, வலது கையில் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்து பாண்டிக்குமாரின் சுண்டுவிரல் மாதிரியே இருக்கிறது.

பைக் சத்தம். பை தட்டுப்பட்டு அவன் தடுமாறுகிற சத்தம், தான் வைத்த பையிலேயே. அவன் உள்ளே வந்தபோது தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது, ரிப்போர்ட்டைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தான், சட்டை கத்திரிப்பூ இல்லை, நாவல்பழத் தோல், அந்த லேப் பெண்ணுக்குக் கண் சரியில்லை. அவன் முகம் ஒரு சங்கதியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த முகம். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் மழையில் சுமந்து வந்திருக்கிறான், இறக்கிவைக்கட்டும். "பன்னெண்டு புள்ளி நாலு!" என்றான், அதே அச்சாபீஸில் மெஷின் ஓட்டுகிறவன், அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பழகின குரல். "பதினெட்டு இல்ல, பதினஞ்சு இல்ல, பன்னெண்டே பன்னெண்டு!" இரண்டாம் தடவை கேட்டபோதும் புதிதாகவே இருந்தது. "புள்ளி நாலை விட்டுட்டீங்க" என்றாள். "அத நீ வச்சுக்க." பிறகுதான் மேஜைமேல் தன் போனைப் பார்த்தான். "அடப்பாவி. இத இங்கயா வச்சேன்? ரோடு பூரா பாக்கெட்டைத் தடவிக்கிட்டே வந்தேன்."

அவன் தலை துவட்டும்போது சொன்னாள். நின்றபடி, கையைக் கட்டிக்கொண்டு, கான்வென்ட்டில் தப்பு ஒப்புக்கொள்கிற பிள்ளையாட்டம் சொன்னாள், போட்டோ, வேட்டி, வெள்ளைப் புள்ளி, சுமித்ரா, கட்டைவிரல், எல்லாம், ஒன்றையும் ஒளிக்காமல். அவன் துண்டைத் தலையிலேயே விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். கோபம் வந்தது, வந்ததை அவள் பார்த்தாள், நெற்றி நரம்பு புடைத்தது. "ரெண்டு நாளு ஈஸ்வரி." "ரெண்டு நாளு." "பன்னெண்டுக்குப் பதிலா இருபத்தஞ்சு வந்திருந்தா?" கேள்வி அறையில் நின்றது, சாம்பல் சுவரில் ஒட்டாமல், எங்கேயும் உட்காராமல். அவன் போய்த் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "நாலு வருஷமா உங்கிட்ட மல்லுக்கட்டறேன். நீ ஸ்க்ரீன்ல காட்டற கலரு எம் மெஷின்ல வராதுன்னு. கேட்டியா? கடைசில பிள்ளையக் கொண்டுபோய் ஸ்க்ரீன்ல ஏத்திட்ட." திட்டுதான், ஆனால் கடைசி வார்த்தைக்கு வரும்போது குரலில் பழைய சண்டையின் ருசி வந்துவிட்டது. "இனிமே பிள்ளை போட்டோவ நீ தொடப்படாது. எடுக்கறது நானு, அனுப்பறது நானு." "நீங்க எடுத்தா தலையை வெட்டிருவீங்களே." "தலை இல்லாட்டியும் கலரு உள்ளது உள்ளபடி இருக்கும்." அவள் சுமித்ராவுக்கு எழுதினாள், அந்தப் போட்டோ நான் மாற்றியது சிஸ்டர், மன்னிக்க வேண்டும், இன்றைக்கு ரத்தம் பார்த்தோம், பன்னிரண்டு புள்ளி நாலு, இதோ உள்ளபடி. பாண்டிக்குமார் குனிந்து ஒரு படம் எடுத்து அனுப்பினான். நெற்றியில் பாதி இல்லை. மஞ்சள் முழுசாக இருந்தது. போனின் ஃபிளாஷ் வெளிச்சத்துக்குப் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது, காதுமடலிலிருந்து உள்ளங்கால் வரை ஒரே நொடியில் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. "இந்தச் செவப்ப மட்டும் எங்கிட்ட கேட்டிராத தாயி, எந்த மையிலயும் கெடையாது" என்றான் அவன், பிள்ளையைப் பார்த்துக் கும்பிட்டபடி.

அவள் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு தடவை தேடி, மூன்றாம் தடவை பற்றிக்கொண்டது, பற்றிக்கொண்ட வேகத்தில் அவளுக்குக் கால் கட்டைவிரல் வரை சுள்ளென்று இழுத்தது. நல்லாப் பால் குடுக்கச் சொன்னாங்க. குடி. குடித்துத் தீர்த்துவிடு. வாசலில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது, ஒருக்களித்த கதவு வழியாகச் சாரல் நடைவரை அடித்தது. நாளை கழித்துப் போக வேண்டும், மறுபடி அந்தக் குதிகால், மறுபடி ஒரு எண், அது என்னவோ, ஆனால் அது நாளை கழித்து. "என்னங்க," என்றாள், "அந்தப் பைய எடுத்து உள்ள வைங்க. துணியெல்லாம் நனையுது." அவன் பையைத் தூக்கிக் கட்டிலடியில் தள்ளினான். இன்றைக்கு ராத்திரி இந்த வீட்டிலிருந்து யாரும் எங்கேயும் ஓட வேண்டியதில்லை. பிள்ளையை ஒரு கையில் தாங்கியபடி, அது குடிப்பதை நிறுத்தாமலே, அவள் எழுந்து நடைக்குப் போய்த் தோளால் கதவைத் தள்ளி மூடி, தாப்பாளைப் போட்டாள்.